தளியில் நாற்பது நாள், ஒரு கெட்டில்

காலை ஆறரை மணிக்கு மத்தூரில் பஸ் ஏறினேன். சாமல்பட்டியிலிருந்து வரும் வண்டி அது. என் தம்பி ஜெயராஜ் அங்கேயே ஏறி, பக்கத்து இடத்தில் துண்டைப் போட்டு எனக்காகப் பிடித்து வைத்திருந்தான். கோடை விடுமுறை தொடங்கிய மறுநாள். பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா விடுமுறையில் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டாள் என்று பஸ்ஸில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். என் மடியில் இருந்த மூட்டையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அதில் ஒரு திரி ஸ்டவ், ஒரு பிளாஸ்க், மூடி போட்ட பித்தளைத் தூக்குச் சட்டி ஒன்று, ஒன்றரைப் படி தண்ணீர் கொள்ளும் வெள்ளை எனாமல் கெட்டில் ஒன்று. கெட்டில் எங்கள் பள்ளியில் முன்பு இருந்த ஒரு துரைசானி சீமைக்குத் திரும்பும்போது என்னிடம் விட்டுப்போனது. மூக்கு நீளமானது, வாய் அகலமானது.

ஊர் சுற்றப் போகவில்லை. ஜெயராஜுக்கு வயிற்றில் புண். சாமல்பட்டி ஸ்டேஷன் பக்கத்து மண்டியில் கணக்குப்பிள்ளை வேலை. நாலு வருஷமாக நேரத்துக்குச் சாப்பிடாமல், வெறும் வயிற்றில் காப்பியும் மிளகாய் பஜ்ஜியுமாக ஓட்டியவன். மாசியில் ஒருநாள் மலம் தார் போலக் கறுத்துப்போய் மயங்கி விழுந்தான். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரி டாக்டர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. "நாற்பது நாள் பார்ப்போம். குளிர்ந்த ஊராகப் பார்த்துப் போய் இருங்கள். மிளகாய், புளி, காப்பி கண்ணிலேயே படக் கூடாது. மூன்று மணிக்கு ஒருமுறை குழைவாக ஏதாவது உள்ளே போக வேண்டும், நடுவில் பால். மறுபடி ரத்தம் போனால் கத்திதான்" என்றார். எங்கள் அப்பாவும் இதே வயிற்றோடு, இதே ஆஸ்பத்திரியில் கத்திக்குப் போனவர்தான். கட்டிலில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள், துணி மூடிக் கொண்டுவந்தார்கள். அப்போது ஜெயராஜுக்கு ஒன்பது வயது. அவனுக்கு அது நினைவில் இருக்கிறதா என்று நான் கேட்டதில்லை.

மத்தூரிலிருந்து கிருஷ்ணகிரி பதினைந்து மைல். அங்கே வண்டி மாறி ஓசூருக்கு முப்பத்திரண்டு மைல். சூளகிரியில் பஸ் நின்றபோது எல்லோரும் இறங்கி வடை தின்றார்கள். நான் பிளாஸ்கைத் திறந்து தம்பிக்குக் கஞ்சி ஊற்றினேன். அவன் கஞ்சியைக் குடித்துக்கொண்டே வடைச் சட்டியைப் பார்த்த பார்வையைச் சொல்லி மாளாது. பதினொன்றரைக்கு ஓசூர். தளி பஸ் ஒன்றேகாலுக்குத்தான். அதன் கண்டக்டர் ஊர்ப் பெயரைத் தமிழில் ஒருமுறை, கன்னடத்தில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை கூவினார்; ஆள் ஏறவில்லை என்றதும் மூன்றிலும் திட்டினார். எனக்குப் பின்னால் பூக்கூடையோடு இருந்தவரும் இன்னொருவரும், ராஜ்யங்களைப் பிரித்தால் இந்தப் பக்கம் யாருக்குப் போகும் என்று பேசிக்கொண்டு வந்தார்கள்.

"எந்தப் பக்கம் சேத்தா என்னங்க, எங்க பூ பெங்களூருக்குத்தான் போவும்" என்றார் பூக்காரர்.

"சர்க்கார் ஓலை எந்த பாஷையில வரும்ன்றதுதான் கேள்வி" என்றார் மற்றவர்.

தளி பதினைந்து மைல், ஒரு மணி நேரம். பாதி வழியிலேயே காற்று மாறிவிட்டது. சித்திரை வெயில் மத்தூரிலேயே தங்கிவிட்டது போலும். சாலையோரம் முட்டைக்கோசும் பீன்ஸும் போட்ட தோட்டங்கள். ஜெயராஜ் துண்டை எடுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டான். பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிற்பகல் இரண்டரை மணி. மண்டி முதலாளி சொல்லி வைத்திருந்த வீடு புட்டம்மா என்பவருடையது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இல்லை. நாலு ஏக்கர் தோட்டத்தைத் தானே நின்று பார்க்கிறவர். வீட்டில் பேசுவது கன்னடம். என்னிடம் பேசியது தமிழ், நடுநடுவே கன்னடம். வீட்டை ஒட்டிப் புதிதாகக் கட்டிய ஓர் அறையைத் திறந்துவிட்டார். நாற்பது நாளைக்குப் பதினைந்து ரூபாய் வாடகை. கிழக்கே வாசல், தெற்கே ஒரு ஜன்னல். சுண்ணாம்பு அடித்த சுவரில் ஒரு பொட்டுக் கரி இல்லை. மூலையில் சாணியிட்டு மெழுகிய மண் அடுப்பு ஒன்று, மேலே முறத்தைக் கவிழ்த்து மூடியிருந்தது.

"தண்ணி காய வெச்சுக்குங்க டீச்சரம்மா, எத்தினி வேணுமோ வெச்சுக்குங்க. சட்டி பானை ஏத்தி ஆக்கறது மட்டும் பேடா" என்றார் புட்டம்மா. பேடா என்றால் வேண்டாம். "சாப்பாட்டுக்கு யோசன பண்ணாதீங்க, எங்கூட்டுலயே ஒரு வாய் சாப்புடலாம்."

ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அடுப்பை வைத்துக்கொண்டே அடுப்பு மூட்டாதே என்கிறார்கள் என்றால் காரணம் எனக்குத் தெரியாதா? நாங்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். இந்த மாதிரி வாசலில் நிற்பது எங்களுக்குப் புதிதல்ல. "சரிங்க. உங்க சாப்பாடும் வேண்டாம். நாங்க வெந்நீர் மட்டும் வெச்சுக்கறோம்" என்று விறைப்பாகச் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, "பாலாவது நான் காச்சித் தரேன், காலைல ஒரு தரம், சாயந்தரம் ஒரு தரம்" என்றார். பாலை மறுக்க முடியவில்லை. தம்பி வயிறு பாலைத்தான் நம்பியிருந்தது.

வீம்புக்கு ஒரு நன்மை உண்டு, மூளையைக் கூர்மையாக்கும். கெட்டிலில் தண்ணீர் மட்டும்தான் காய வேண்டும்; நல்லது. அந்தத் தண்ணீருக்குள் என்ன கிடக்கிறது என்பது என் விவகாரம். முதல் வாரத்திலேயே ஒரு முறை படிந்துவிட்டது. விடியற்காலை, முதல்நாளே ஊறவைத்த கேழ்வரகு மாவைத் துணியில் வடிகட்டி, அந்தப் பாலை டம்ளரில் ஊற்றி, டம்ளரின் வாயைத் துணியால் கட்டிக் கெட்டிலின் வெந்நீரில் கழுத்தளவு நிறுத்துவேன். அரைமணியில் கட்டியில்லாத கஞ்சி. ஒன்பது மணிக்கு முட்டை ஒன்று, கொதிக்கிற நீரில் நாலே நிமிஷம். பன்னிரண்டுக்குப் பச்சரிசியும் பாசிப்பருப்பும் தூக்குச் சட்டியில் போட்டு மூடி, அதைக் கெட்டிலுக்குள் இறக்கி ஒன்றேகால் மணி நேரம் அவிப்பேன். கெட்டில் மூடி பாதிதான் பொருந்தும். அந்த இடைவெளியில் காரட்டும் பீன்ஸும் துணி முடிச்சில் ஆவியில் வேகும். பிறகு எல்லாவற்றையும் மசித்து, உப்பு, ஒரு துளி வெண்ணெய். மூன்று மணிக்கு உருளைக்கிழங்கு. ஆறு மணிக்குப் பிளாஸ்கில் ஊறி வெந்த ரவைக் கஞ்சி. கீரையை மட்டும் சரியாக வேகவைக்க எனக்குக் கடைசிவரை வரவில்லை. நார் நாராக நின்றது, அதை விட்டுவிட்டேன்.

காய் வாங்க அலைய வேண்டாம். தோட்டத்து வாசலில் காரட் வீசை மூன்றணா. ஓசூரில் அதே காய் ஐந்தணா. முட்டை ஒன்று ஒன்றேகாலணா.

"அக்கா, ஊறுகாய் பாட்டிலை ஒருதரம் மோந்து பாத்துட்டாவது திங்கறேனே" என்பான் ஜெயராஜ். மோந்து பார்க்கவும் விடவில்லை. பசித்தவனுக்குக் கசப்பும் கரும்பு என்று பழமொழி சொன்னேன். "எனக்குப் பசி இல்லக்கா, நாக்குதான் செத்துப்போச்சு" என்றான். இரண்டாம் வாரம் முடியும்போது வலி நாளுக்கு ஒரு வேளைதான் வந்தது. மலத்தை நானே தினமும் பார்த்தேன், அருவருப்பில்லாமல். மஞ்சளாக இருந்த அன்றெல்லாம் மனதுக்குள் ஸ்தோத்திரம் சொன்னேன்.

பதினைந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. புட்டம்மா வீட்டிலிருந்து கோழிக்குழம்பு வாசனை வந்தது. நான் அதுவரை, அவர்கள் கறி தின்னாதவர்கள், நாங்கள் தின்கிறவர்கள் என்பதால் அடுப்பை மறுத்தார்கள் என்று எண்ணிப் பாதி சமாதானம் ஆகியிருந்தேன். அந்தச் சமாதானமும் போயிற்று. கோழி ஆகும், முட்டை ஆகும், நாங்கள் ஏற்றும் அடுப்பு மட்டும் ஆகாதாக்கும். அன்று சாயந்தரம் அவர் பால் கொண்டுவந்தபோது முகம் கொடுத்துப் பேசவில்லை. செம்பை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். அந்த அம்மா என்ன பாவம் செய்தார்? இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

இருபத்து மூன்றாம் நாள். புட்டம்மா காலையிலேயே வீட்டைப் பூட்டிக்கொண்டு தேன்கனிக்கோட்டைக்குப் போயிருந்தார். ஏதோ உறவினர் வீட்டுக் காரியம். இரண்டு மணி பஸ்ஸில் திரும்பிவிடுவேன் என்றார். இரண்டு மணி பஸ் வந்தது, அவர் வரவில்லை. மூன்று மணிக்கு ஜெயராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்வை. காலைப் பால் தீர்ந்து போயிருந்தது. மாடு கறப்பவர் சாயந்தரப் பாலைச் சீக்கிரமே கறந்து பச்சையாக வைத்துவிட்டுப் போனார். பச்சைப் பாலை அந்த வயிற்றுக்குக் கொடுக்க முடியாது. பக்கத்து வீடு ஒரு பர்லாங்குக்கு அப்பால். போய்க் கேட்டிருக்கலாம், தம்பியைத் தனியே விடப் பயம்.

டம்ளரில் ஊற்றி வெந்நீரில் நிறுத்தினால் காய அரைமணி ஆகும், அதுவரை அவன் தாங்க மாட்டான். கெட்டிலில் இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பாலை ஊற்றினேன். அதுவரை புட்டம்மாவின் சொல்லை வளைத்தேன், அன்று ஒடித்தேன். ஆவி வெளியே போகட்டும் என்று எப்போதும் போலக் கெட்டிலின் மூக்கு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தது. ஜெயராஜின் முதுகைத் தடவிக்கொண்டு இரண்டு நிமிஷம் திரும்பிவிட்டேன். சுர்ரென்று சத்தம். மூடியைத் தள்ளிக்கொண்டு நுரை கிளம்பி, மூக்கு வழியாகப் பால் பொங்கி, ஸ்டவ்வை நனைத்து, மெழுகிய தரையில் ஜன்னல் சுவர்வரை ஓடியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புது வீட்டில் முதலில் பால் காய்ச்சிப் பொங்க விடுவது நம் எல்லோருக்கும் பொதுவான வழக்கம். மத்தூரில் எங்கள் சபையார் ஜெபம் செய்துவிட்டுப் பால் பொங்க விடுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். கரி படாத சுவர், முறம் கவிழ்த்த அடுப்பு. இந்த அறையில் இதுவரை யாரும் பால் காய்ச்சியதில்லை.

தம்பிக்கு ஒரு டம்ளர் பாலை ஆற்றிக் கொடுத்தேன். அவன் சிறிது சிறிதாகக் குடித்தான். பிறகு பழைய துணியை எடுத்துத் தரையைத் துடைத்தேன். தப்பு செய்துவிட்டு அழிரப்பரைத் தேடும் பிள்ளைகளை எத்தனை முறை பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன்! துடைத்த துணியை ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் புட்டம்மா நின்றார். மணி நாலு. தீய்ந்த பாலின் வாசனை அறை முழுக்க இருந்தது.

"ஹாலு உக்கித்தா?" என்றார். பால் பொங்கிற்றா என்று கேட்கிறார்.

"ஆமாங்க" என்றேன். "தம்பிக்கு வலி. வேற வழி இல்ல."

"எந்தப் பக்கம் வழிஞ்சுது?"

தம்பி உயிருக்குப் போராடுகிறான், இந்த அம்மாவுக்குத் திசை வேண்டியிருக்கிறது என்று எனக்கு ஆத்திரம். "தெக்கே" என்று வெடுக்கென்று சொன்னேன்.

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். கிழக்கே வழிந்தால் குடும்பம் தழைக்கும், தெற்கே வழிந்தால் ஆகாது என்பார்கள். அது எனக்கும் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இது எம் பையனுக்குக் கட்டின ரூமுங்க. முனிராஜு. பெங்களூருக்குப் பாக்டரி வேலைக்குப் போயி மூணு வருசமாச்சு. எங்கண்ணன் மவளப் பேசி வெச்சிருந்தோம். அவ வந்து மொத மொதல்ல பாலு காச்சணும், அவ கையாலதான் அடுப்பேத்தணும்னு நானே மண்ணு கொழச்சுப் போட்டேன் அந்த அடுப்ப. அதுக்கோசரந்தான் உங்கள ஆக்க வேணாம்னேன். வேற ஒண்ணும் இல்லீங்க."

இருபத்து மூன்று நாள் நான் வளர்த்த கோபத்துக்கு ஒரு பிடி மண்கூட அஸ்திவாரம் இல்லை.

"அவர் எப்ப வருவாருங்க?" என்று கேட்டது ஜெயராஜ்.

"காயிதம் வந்து ஒண்ணரை வருசமாச்சு தம்பி. கடைசிக் காயிதத்துல விலாசம் இல்ல. ஆள வுட்டுத் தேடியாச்சு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னிக்கிப் போனது எங்கண்ணன் வூட்டுக்குத்தான். அந்தப் பொண்ணுக்குக் கண்ணாலம். வேற எடத்துல. எத்தினி நாளு காத்திருக்கும் அது?"

அந்தக் கல்யாணத்தில் கை நனைத்துவிட்டு, அதே நாளில் திரும்பிவந்து, இந்த அறையில் பால் தெற்கே பொங்கியதைக் கேட்டிருக்கிறார். அதை முகத்துக்கு நேரே சொன்னவள் நான். கிழக்கே என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் எனக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? "அம்மா, என்ன மன்னிச்சிடுங்க. நாங்க வேதக்காரங்கன்னுதான் அடுப்பு வேணாம்னீங்கன்னு நெனச்சேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அதுக்கா எங்கூட்டுச் சோத்த வேணாம்னீங்க? நான், எங்க கைச் சோறு உங்களுக்கு ஆவாதுன்னு இல்ல நெனச்சேன்" என்றார்.

பிறகு எழுந்து உள்ளே வந்தார். காலிக் கெட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூக்கு எங்க திரும்பியிருக்குதோ அங்கதான வழியும். பாலு என்ன பண்ணும் பாவம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வீட்டைத் திறந்து ஒரு செம்புப் பாலும் மஞ்சள் குங்குமமும் கொண்டுவந்தார். கெட்டிலின் கழுத்தில் பொட்டு வைத்து, ஸ்டவ்வின் மேல் ஏற்றி, மூக்கை வாசலைப் பார்க்கக் கிழக்கே திருப்பி வைத்தார்.

"பத்த வெய்யுங்க டீச்சரம்மா."

"நானா? நீங்களே வைங்கம்மா."

"தாலியறுத்தவ வெக்கக் கூடாதுங்க. நீங்க வெய்யுங்க."

நான் கல்யாணமே ஆகாதவள். முப்பத்தெட்டு வயது. எந்த மங்கலக் காரியத்துக்கும் என்னை யாரும் முன்னே நிறுத்தியதில்லை. தீக்குச்சி இரண்டு முறை அணைந்துபோயிற்று. மூன்றாவதில் திரி பிடித்தது. மூவரும் சுற்றி உட்கார்ந்து கெட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தோம். மூடி நடுங்கியது. மூக்கின் நுனியில் வெள்ளையாக ஒரு சொட்டு நின்று, பிறகு நுரையும் பாலுமாகக் கிழக்கே வழிந்தது. புட்டம்மா கைகூப்பினார். நான் மனதுக்குள், கர்த்தாவே, அந்தப் பிள்ளையைக் கொண்டுவந்து சேரும் என்று வேண்டினேன். மிச்சப் பாலை மூன்று டம்ளரில் ஊற்றி முதல் டம்ளரை அவர் ஜெயராஜிடம் நீட்டினார்.

அதற்குப் பிறகு முறத்தை எடுத்துவிட்டு, அந்த அடுப்பிலேயே ஆக்கிக்கொள்ளச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். இந்தமுறை வீம்பில்லை. கடைசிவரை கெட்டில்தான். ஆனால் மத்தியானச் சாப்பாடு அவர் வீட்டில் என்று ஆயிற்று. மிளகாய் புளி இல்லாமல் தம்பிக்கென்று தனியாக ஒரு பருப்பு கடைந்து வைப்பார். அந்தப் பருப்பின் குழைவு என் தூக்குச் சட்டியில் ஒருநாளும் வந்ததில்லை.

நாற்பதாம் நாள், காலை ஏழரை மணி. ஓசூர் பஸ் எட்டுக்கு. மூட்டை கட்டும்போது புட்டம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "டீச்சரம்மா, அந்தப் பாத்திரத்த இங்கயே வுட்டுட்டுப் போறீங்களா? இந்த ரூமுக்குப் பாலு பொங்கின பாத்திரம். வெளிய போவ வேணாமேன்னு பாக்கறேன்." நான் அறைக்குள் திரும்பிப் போனேன். வெளியே வந்தபோது மூட்டை இலேசாக இருந்தது.

பிற்பகல் ஒரு மணி, கிருஷ்ணகிரி. டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், எடை போட்டார். ஆறு ராத்தல் கூடியிருந்தான். "இப்போதைக்குக் கத்தி வேண்டாம். ஆனால் சாப்பாட்டு முறையை மட்டும் விட்டுவிடாதே" என்றார். "இப்போதைக்கு" என்ற சொல்லை நான் கவனித்தேன், தம்பியும் கவனித்தான். இருந்தாலும் அப்பாவைத் தள்ளிக்கொண்டு போன அந்த நீள வராந்தாவில் நாங்கள் இருவரும் நடந்தே வெளியே வந்தோம்.

மாலை ஐந்து மணிக்கு மத்தூர். அனல் அடித்தது. எங்கள் வீட்டில் அடுப்பு மூன்று. பானை சட்டிக்குக் கணக்கில்லை. எந்த அடுப்பை யார் முதலில் ஏற்றினார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. தம்பிக்குக் கஞ்சி வைக்க வேண்டும் என்று மூட்டையை அவிழ்த்தேன்.

"அக்கா, கெட்டில் எங்கே?" என்றான் ஜெயராஜ்.

"அங்கேயே வெச்சிட்டேன்டா. அந்த அடுப்பு மேல."

அவன் மூட்டையிலிருந்து பிளாஸ்கை எடுத்துத் தனியே வைத்தான். பிறகு, "மூக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.

"வாசலப் பாத்து" என்றேன்.